பால் காய்ச்சாத வீடு

இங்கிலாந்துக்குக் குடிபோகப் போகிறோம் என்றதும் மொன்றியலில் எங்கள் லாசால் பகுதியில் எல்லோரும் லண்டனில் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள். லண்டன் இல்லை, நாட்டுப்புறம் என்று சொன்னால் நம்பவில்லை. எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருக்கும் பத்மா அக்கா மட்டும், "அங்கை போய் ஆரோடை கதைப்பாய்?" என்று கேட்டார்.

"இஞ்சை மட்டும் நான் ஆரோடை கதைக்கிறன்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, கொண்டுபோகச் சொல்லி ஒரு போத்தல் மிளகாய்த்தூள் தந்தார்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற இடத்தில்தான் இத்தனை வருடமும் வேலை. கார் ஓடத் தெரியாது. பழகப் போனேன். பனியில் ஒருமுறை கார் வழுக்கி மதிலோடு போய் நின்றது. அன்றோடு விட்டுவிட்டேன். மொன்றியலில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வாசலில் பஸ், பிறகு மெத்ரோ, பிறகு இன்னொரு பஸ். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், நினைத்த இடத்துக்குப் போய்வரலாம். என்னைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய விஷயம்.

இவர், அதாவது என் கணவர் சிவநேசன், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். அதை மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் லண்டனில் இருந்தவர் என்பதால் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. இவருடைய அக்கா ரஞ்சி மச்சாளும் அவருடைய கணவர் குமார் அண்ணையும் நோர்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் பெற்றோல் நிலையமும் அதோடு சேர்ந்த கடையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பட்டணத்தில் இரண்டாவது கடை ஒன்றை எடுத்திருந்தார்கள். அதை இவர் நடத்துவது என்று பேச்சு. எங்கே குடியிருப்பது என்று பார்த்து முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம். மகள் ரொறன்ரோவில் வேலைக்குப் போய்விட்டதால் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் நாள் குமார் அண்ணை காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். லண்டன் கழிந்ததும் நிலம் தட்டையாகிவிட்டது. மலை இல்லை, மேடு இல்லை, வானம்தான் நிறைய. வயல்களில் பன்றி வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பன்றிக்கும் தகரத்தில் தனித்தனிக் கூடாரம் அடித்திருந்தது.

"பண்டிக்கெல்லாம் வீடு கிடைச்சிருக்கு. எங்களுக்குக் கிடைக்காதோ?" என்றார் இவர்.

"உனக்கு நான் ஏற்கெனவே பாத்து வைச்சிட்டன் மச்சான். பார், பாத்திட்டுச் சொல்லு" என்றார் அண்ணை. எனக்கு அந்தப் 'பாத்து வைச்சிட்டன்' பிடிக்கவில்லை. பன்றிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மச்சாள் இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் செய்து வைத்திருந்தார். கடற்கரையிலிருந்து வரும் மீன், மொன்றியலில் பனிக்கட்டியோடு வாங்குவதைவிட எவ்வளவோ நல்லது. வீடுதான் குளிர்ந்தது. மார்கழி பிறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. லாசாலில் அப்போதே முழங்கால் மட்டும் பனி. இங்கே பனியே இல்லை, மழைதான். ஆனால் மொன்றியலில் குளிர் வெளியில் நிற்கும், நாங்கள் உள்ளே இருப்போம். இங்கே குளிரும் உள்ளே வந்து எங்களோடு இருந்தது. நான் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை மச்சாளோடு கடையில் நின்றேன். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் கண்ணாடி போட்டுத் தபாலகம். பென்ஷன்காரர், பார்சல் அனுப்புவோர், பேப்பர் வாங்குவோர் எல்லோரும் அங்கேதான். ஒரு கிழவர் பேப்பரை எடுத்துக்கொண்டு, "மழை வரும்போல இருக்கிறது" என்றார். மச்சாள், "ஓம், வரும்போலத்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்து வந்த பெண்ணும் அதையே சொன்னாள். மச்சாளும் அதையே சொன்னார்.

"என்ன மச்சாள், எல்லாருக்கும் ஒரே பதில்?"

"வேறை என்ன சொல்லுறது? வராது எண்டு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவினம்."

நான் கனடாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று மச்சாள் சொன்னதும் அந்தப் பெண், "அங்கே சரியான குளிராமே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "இங்கேயும் குளிர்தான்" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

அன்று பின்னேரம் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீட்டுத் திட்டம். ஒழுங்கைகளுக்கெல்லாம் பறவைகளின் பெயர். வீடுகள் ஒன்றைப்போல ஒன்று இருந்ததால் காரில் விட்ட கண்ணாடியை எடுக்கப் போன இவர், திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். அங்கே இருந்த மனிதர் சத்தம் போடவில்லை. "பரவாயில்லை, நானே போன கிழமை அப்படிப் போனேன்" என்றாராம். அந்த இடம் எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை.

மற்றது பட்டணத்தில் புதுக் கடையின் மேல்மாடி. இரண்டு அறை, சுவரில் ஈரம், மட்டைப்பெட்டி மணம். ஆனால் சன்னலைத் திறந்தால் நேர் எதிரே பஸ் தரிப்பிடம். நான் அந்தச் சன்னலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இவர் உள்ளே கால் வைக்கும்போதே முகத்தைச் சுருக்கிவிட்டார். "கடைக்கு மேலை இருந்தா நான் நித்திரையிலும் கடைக்காரன்தான். கீழை மணி அடிச்சா இறங்க வேணும்."

அதிலும் நியாயம் இருந்தது. களஞ்சியத்தில் நாள் முழுக்கக் காங்கிறீட்டில் நின்று உழைத்த மனிதர். வீட்டுக்கு வந்தால் வேலை தெரியக்கூடாது என்று நினைக்கிறார்.

மூன்றாம் நாள் ஆண்கள் இரண்டு பேரும் மொத்த விற்பனை நிலையத்துக்குச் சாமான் எடுக்கப் போனார்கள். நான் தனியே பட்டணத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்று மச்சாள் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. என்னைப் பார்த்த சாரதி நிறுத்தாமல் போய்விட்டார். மொன்றியலில் தரிப்பில் ஆள் நின்றால் பஸ் நிற்கும். இங்கே கையை நீட்ட வேண்டுமாம், பிறகுதான் தரிப்புப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கடைக்குள் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். அது வர நன்றாகச் சுணங்கியது. தூரத்தில் பஸ்ஸின் தலை தெரிந்ததுமே கையை நீட்டினேன். சாரதி நிறுத்தி, "பார்த்துவிட்டேன் அம்மா, இனிக் கையை இறக்கலாம்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பட்டணம் சின்னது. அன்று சந்தை நாள். முட்டைக்கோவா, கரட், உயிர்க் கோழி, பழைய சப்பாத்து எல்லாம் ஒரே வரிசையில் விற்றார்கள். மூலையில் ஒரு போர்த்துக்கீசப் பேக்கரி. அவர்களின் முட்டைப் பாணி வைத்த சின்னப் பலகாரம் மொன்றியலில் எங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்திலும் கிடைக்கும். இரண்டு வாங்கி, ஒரு தேநீரோடு இருந்து சாப்பிட்டேன். ஒருவரும் என்னை எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. நூலகத்துக்குள் போய்ச் சூட்டில் கொஞ்சம் இருந்தேன். திரும்பி வந்து மச்சாளிடம் பட்டணம் நல்லாயிருக்கிறது என்றேன்.

"அது கிடக்கட்டும். நாளைக்கு லிட்டில் ஹாம்வெல் வீட்டைப் பார். பேந்து பட்டணத்தை மறந்திடுவாய்" என்றார் மச்சாள்.

லிட்டில் ஹாம்வெல் என்பது இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் சின்னக் கிராமம். கடைக்குப் பேப்பர் வாங்க வரும் ஒரு விவசாயியின் பழைய வீடு அங்கே வெறுமையாகக் கிடந்தது. அண்ணை கேட்டதும் அவர் திறப்பையே தந்துவிட்டார். மச்சாள் இன்னொரு வேலையும் செய்திருந்தார். லண்டன் கோயில் ஐயரிடம் தொலைபேசியில் கேட்டு, மார்கழிக்கு முன் பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்து வைத்திருந்தார். அது அடுத்த நாள் முற்பகல். அதைத் தவறவிட்டால் தை பிறக்க வேண்டும்.

"வீட்டை இன்னும் பாக்கேல்லையே மச்சாள்" என்றேன்.

"பாத்திட்டுக் காய்ச்சுறதுதானே. பிடிக்காமல் விடுமோ?"

பால் காய்ச்சுவது எங்கள் ஆட்களிடம் சின்னக் காரியமில்லை. சாமான் பிறகு வரலாம், ஆட்கள் பிறகு வரலாம். பால் பொங்கிவிட்டால் அது எங்கள் வீடு. காய்ச்சிவிட்டு வேறு வீட்டுக்குப் போனவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

நாலாம் நாள் அண்ணை எங்கள் மூவரையும் அந்த வீட்டில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

வீடு அழகுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. கருங்கல் பதித்த சுவர், தாழ்ந்த கூரை, அடுப்படிச் சன்னலுக்கு வெளியே வயல். இவர் உள்ளே போகும்போது கூரை தாங்கிய மரவளையில் தலையை இடித்துக்கொண்டு சிரித்தார். பின்பக்கம் ஒரு அப்பிள் மரம், அதற்கப்பால் பாத்தி கட்டிய மண். இவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசித்துப் பார்த்தார்.

"இஞ்சை பாரும் வத்சலா. இதிலை கோவா வரும், லீக்ஸ் வரும், கிழங்கு வரும். மூண்டாம் மாடி ஏறி இறங்கினது காணுமெல்லோ?"

அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்து வெகுகாலம். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுப்படியில் மச்சாள் பையைப் பிரித்தார். புதுப் பானை, பிள்ளையார் படம், பூ, வாழைப்பழம், சர்க்கரை, கற்பூரம் எல்லாம் வந்தன. கடைசியில் பையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"பால் நீ எடுத்து வைச்சனியெல்லோ?"

"இல்லை மச்சாள். நீங்கள் எண்டு நினைச்சன்."

"கடை முழுக்கப் பால்! அதுக்குள்ளை இருந்து வந்து பால் இல்லாமல் நிக்கிறம்!" அண்ணைக்கு அழைக்கலாம் என்று தொலைபேசியை எடுத்தார். வீட்டுக்குள் தொடர்பு கிடைக்கவில்லை. அப்பிள் மரத்தடியிலும் கிடைக்கவில்லை.

"நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். லாசாலில் பால் முடிந்தால் படியிறங்கி மூலையிலுள்ள டெப்பனர் கடையில் ஒரு பை பால் வாங்கிக்கொண்டு ஏறுவேன். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஒழுங்கையில் நடைபாதை இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயரப் பற்றை. பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கை மலையாக ஏற்றிக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் வந்தது. நான் பற்றைக்குள் முதுகைச் செருகிக்கொண்டு நின்றேன். முள் சட்டையில் பிடித்தது. முதலில் ஒரு வீட்டில் 'பழைய பேக்கரி' என்று பலகை. சன்னலில் ஒரு பூனைதான் இருந்தது. அடுத்தது 'பழைய பள்ளிக்கூடம்'. முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன, பிள்ளைகள் இல்லை. கடைசியில் 'பழைய தபாலகம்' என்று ஒரு வீடு. சுவரில் சிவப்புத் தபால்பெட்டி. தபாலகம் இருந்தால் அதோடு கடையும் இருக்கும், மச்சாள் கடை அப்படித்தானே என்று கதவைத் தட்டினேன்.

நாய் குரைத்தது. வெகு நேரம் கழித்து ஒரு பெண் கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு காலில் பெரிய கட்டு, கையில் ஊன்றுகோல்.

"பால் வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில்.

"பாலா?" என்றார்.

"கடை..." என்று பலகையைக் காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"கடை மூடி எத்தனையோ காலம். நீங்கள் நிற்பது என் வரவேற்பறை வாசலில். பரவாயில்லை, உள்ளே வாங்கோ. இந்தக் கிழமை நான் கதைக்கிற முதல் ஆள் நீங்கள்தான், நாயை விட்டால்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் நொண்டிக்கொண்டே போய்ப் பாதிப் போத்தல் பால் எடுத்துவந்து தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. படியில் விழுந்து கால் முறிந்ததாம். கார் ஓட முடியாததால் வீட்டோடு இருக்கிறாராம்.

"பஸ் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் போகும், மத்தியானம் திரும்பி வரும். தவறவிட்டால் அடுத்த வியாழன்." பிறகு, குறை சொன்னதுபோல் ஆகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "கால் சரியாக இருந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். நீங்கள் கார் ஓடுவீர்கள்தானே?" என்றார்.

"இல்லை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் எப்போதும் இங்கே வாங்கோ. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்."

அன்பாகத்தான் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தேன்.

திரும்பி நடக்கும்போது என்னைப் பற்றி யோசித்தேன். இவர் காலையில் போவார், இருட்டியபின் வருவார். ஒரு பேக்கரிக்கோ நூலகத்துக்கோ போவதென்றால் நான் இவரைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மச்சாளைக் கேட்க வேண்டும். எனக்குக் கேட்க வராது. கேட்காமல் இருந்துவிடுவேன். அப்படியே வருடக்கணக்காகவும் இருந்துவிடுவேன்.

மச்சாள் பானைக்குப் பொட்டு வைத்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"கொண்டா, கொண்டா. நேரம் போகுது. பச்சை மூடிப் பாலோ? கொழுப்புக் குறைஞ்ச பால், உது பொங்குமோ தெரியேல்லை. சரி, தா."

நான் போத்தலை நீட்டவில்லை. "மச்சாள், காய்ச்ச வேண்டாம்."

"என்ன?"

"காய்ச்சினா இதுதான் எங்கடை வீடு. எனக்கு இஞ்சை இருக்க ஏலாது."

இவர் திரும்பினார். "ஏன், வீட்டிலை என்ன பிழை?"

"வீட்டிலை ஒரு பிழையும் இல்லை. வியாழக்கிழமை மட்டும்தான் பஸ். ஒரு தீப்பெட்டி வாங்கிறதெண்டாலும் நான் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்க வேணும்."

"ஏன் நான் இல்லையே?" என்றார் மச்சாள். "ஒரு போன் அடி. வந்து ஏத்திக்கொண்டு போறன்."

"போன் இஞ்சை எடுக்காதே மச்சாள்."

மச்சாள் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டார்.

"நேற்றுச் சொல்லியிருக்கலாமெல்லோ?" இவருடைய குரல் உயர்ந்துவிட்டது. "அக்கா ஐயரிட்டைக் கேட்டு, எல்லாம் செய்து, இப்ப வந்து நிண்டு..."

"நேற்று என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இண்டைக்கும் கேக்கேல்லை. நானாத்தான் சொல்லுறன்."

அவ்வளவு நீளமாக நான் அவர்களுக்கு முன்னால் பேசியதில்லை. போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மச்சாள் குனிந்து அடுப்பை அணைத்தார். இவர் பின்கதவைத் திறந்துகொண்டு அப்பிள் மரத்தடிக்குப் போய்விட்டார்.

அண்ணை வந்து வாசலிலேயே கேட்டார்: "பால் பொங்கிச்சுதோ? எந்தப் பக்கம் பொங்கினது?"

"பால் பொங்கேல்லை. நாங்கள்தான் பொங்கினது" என்றார் மச்சாள். "கொஞ்சம் சும்மா இருங்கோ."

குளிருக்கு ஒரு தேநீர் போடுவோமா என்று அண்ணை கேட்டதற்கும் மச்சாள் விடவில்லை. இந்த அடுப்பில் பாலைச் சூடாக்கினால் பிறகு அதுவே பால் காய்ச்சினதாகிவிடும் என்றார். பாலை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தேன். வழியில் பன்றிகள் மட்டும் அவரவர் வீட்டு வாசலில் நின்றன.

அன்று பின்னேரம் மச்சாள் தோசை சுட்டார். எனக்கு வைக்கும்போது, "உனக்குள்ளை இவ்வளவு இருக்குது எண்டு தெரியாது" என்றார். கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இரண்டாவது தோசையும் வைத்தார்.

இவர் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கடைக்கு மேலை நான் இருக்கமாட்டன்."

"சரி" என்றேன்.

"நாளைக்குக் கார் வேண்டாம். பஸ்ஸிலை போய்ப் பாப்பம்."

ஐந்தாம் நாள் இரண்டு பேரும் தரிப்பில் நின்றோம். நான் கையை நீட்டினேன். பட்டணத்தில் வீடு வாடகைக்கு விடும் அலுவலகத்தின் கண்ணாடியில் படங்கள் ஒட்டியிருந்தன. இவர் தோட்டம் உள்ள வீடுகளாகப் பார்த்தார். நான் நடந்துபோகக்கூடிய வீடுகளாகப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தது எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஒரு இளம்பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல் வீட்டு வரிசை ஒன்றில் நடுவீட்டைக் காட்டினாள். வாசற்கதவு நேராகத் தெருவில் திறந்தது. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். சந்தைச் சத்தம் கேட்டது. புதுக் கடைக்கு நடந்துபோகலாம், ஆனால் கடை மணி இங்கே கேட்காது.

"ஒன்று சொல்ல வேண்டும். வாகனம் விட இடமில்லை. தெருவில் இடம் கிடைத்தால் உண்டு" என்றாள் அந்தப் பெண்.

இவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். பின்கதவைத் திறந்தார். வெளியே சீமெந்து போட்ட சின்ன முற்றம், மதில், உடைந்த ஒரு பூச்சட்டி. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் எதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சட்டியிலைதான் வைக்க வேணும்" என்றார். "லீக்ஸ் சட்டியிலை வருமோ தெரியேல்லை."

அந்தப் பெண் இவரைப் பார்த்து, "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "நீர் கேளும்."

எனக்கு ஆங்கிலம் உடனே வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். இவரும் நின்றார்.

"குப்பை எடுக்கிற நாள் எது?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை. ஒரு கிழமை கறுப்புத் தொட்டி, மற்றக் கிழமை பச்சைத் தொட்டி" என்றாள்.

இவர் பின்கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் வந்தார். வந்து, எந்தக் கிழமை எந்தத் தொட்டி என்று அவளிடம் இன்னொரு தடவை கேட்டார்.